தொட்டி ரொம்ப நல்லா இருக்கு

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு முகம் ஒன்றுதான் வேலை செய்கிறது, காதும் வாயும் மூளையும் நீண்ட விடுப்பில் போய்விட்டன என்பது கன்னியப்பனின் கட்சி. எதிரில் வருகிறவனை "எங்கப்பா போறே?" என்று கேட்டால் பதில் வராது, பக்கத்துக் கம்பத்தைப் பார்த்து ஓர் இளிப்பு இளிப்பான். பஸ் வரவில்லையா? முன்னெல்லாம் நாலு பேர் டிப்போவுக்குப் போய்ச் சத்தம் போடுவார்கள். இப்போது கம்பத்தைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார்கள். நூறு பேர் சுளித்தால் பஸ் வந்துவிடுகிறது.

"மூஞ்சியைக் காட்டி சோறு வாங்கறது நாயோட வழக்கம். மனுசனுக்கு வாய் எதுக்குக் குடுத்தான், வெத்தல போடவா?" என்றார் கன்னியப்பன், குட்டைமேடு குடியிருப்பின் முற்றத்தில் நின்றுகொண்டு.

கம்பத்தின் இடுப்பிலிருந்த சொல்வாங்கி அதை வாங்கிக்கொண்டது. அடுத்த நொடி வீதித்திரையில் கன்னியப்பனின் முகம். வடசென்னை முழுக்க இட்லி தின்றுகொண்டிருந்தவர்களுக்குப் புரை ஏறியது. கம்பத்தின் உச்சியில் பச்சை விளக்கு.

பச்சை என்றால் சிரிப்பு. மனு எழுதுகிறவன் பொய் எழுதலாம், கேட்கிறவனின் முகம் பொய் சொல்லாது என்று கண்டுபிடித்து, ஒன்பது வருடங்களுக்கு முன் காகித மனுவை ஒழித்துவிட்டார்கள். அதற்குப் பதில் வந்ததுதான் முகச்சல்லடை. யார் எதைச் சொன்னாலும் கம்பம் அதைத் திரையில் ஓட்டும். பார்க்கிறவர்களின் முகங்களைத் தன் உச்சிக் கண்ணால் சலித்தெடுக்கும். முகங்கள் வெளிறினால் சிவப்பு விளக்கு, பேச்சு அவசரப் பிரிவுக்குப் போகும். கறுத்தால் மஞ்சள், விசாரணைப் பிரிவு. மலர்ந்தால் பச்சை, கேளிக்கைப் பிரிவு. நடுவில் குமாஸ்தா இல்லை, கையெழுத்து இல்லை, நாளைக்கு வா என்பதும் இல்லை.

கன்னியப்பன் பேசியதெல்லாம் பச்சைக்கே போயிற்று. சிரிக்கவைக்க வேண்டும் என்று அவர் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. நாற்பது வருடம் காங்கிரீட்டுக்குப் பலகை அடைக்கும் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். மனதில் பட்டதைச் சொல்வார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த சோறாக்கும் பொறி, "இன்றைய சோற்றுக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்டபோது, "எங்க வீட்டுக்காரி முப்பத்தாறு வருசம் பொங்கினா, ஒரு நாள் கேட்டது கிடையாது. கேட்டா நான் சொல்லிடுவேன்னு அவளுக்குத் தெரியும்" என்றார். ஊரே உருண்டது. எழுபது வயது நடிகர் தேவ்குமரனுக்கும் அவருடைய இருபது வயது ஒளியுருவுக்கும் சண்டை வந்து, இரண்டு பேரும் ஒரே நாளில் தனித்தனிப் படம் விடுகிறார்கள், ஒளியுருவுக்கு ரசிகர்கள் பாலாபிஷேகம் செய்கிறார்கள் என்ற செய்தி ஓடியபோது, "நெழலுக்குப் பாலை ஊத்தினா நெழலா குடிக்கும்? தரைதான் குடிக்கும். அப்புறம் எறும்பு வரும். அந்த எறும்புதான் உண்மையான ரசிகன்" என்றார். அதை நாலு லட்சம் பேர் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

ஆடி பிறந்து பத்து நாளிருக்கும். குடியிருப்பின் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நடந்துபோன கன்னியப்பனின் காலில் ஏதோ குத்தியது. குனிந்து எடுத்தார். பெயர்ந்து விழுந்த காங்கிரீட் சில்லு. ஒரு பக்கத்தில் துருவின் தடம். அண்ணாந்து பார்த்தார். கிழக்குத் தூணின் மேல்பாதியில் காவி நிறத்தில் நீண்ட ஒழுகல். அதற்கு நடுவே கம்பி வெளியே தெரிந்தது, ஊதிப் பெருத்து.

ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கித் தூணைத் தட்டினார். நல்ல தூண் என்றால் 'டங்' என்று கல்லைத் திருப்பி அடிக்கும். இது 'பொத்' என்றது. இன்னொரு இடத்தில் தட்டினார். பொத். காலி டப்பாவைத் தட்டினாற்போல.

தூணை ஒட்டித்தான் பாலவாடி. நாற்பத்திரண்டு பிள்ளைகள். மத்தியானம் தொட்டி நிழலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பரிமளாவிடம் நேரே போனார். அடுத்த வீட்டுக்காரி, பாலவாடிச் சமையல் அவளுடையது. அவள் மகள் தென்றலும் அந்த நாற்பத்திரண்டில் ஒன்று.

"பரிமளா, புள்ளைங்கள வெளிய ஒக்கார வெக்காத. தொட்டி விழப்போவுது."

"போன மாசம் நெலா விழப்போவுதுன்னீங்க பெரிப்பா."

"நெலாவுல ஓட்டல் கட்டறாங்கன்னு நூஸ் வந்துது, பாரம் தாங்குமாடான்னு கேட்டேன். அது வேற. இது கம்பி ஊதிக்கினு கீது."

"கம்பிக்கு இன்னா பெரிப்பா, வாயுத் தொல்லையா?" என்று சொல்லி அவளே சிரித்துக் கீரையைக் கொட்டினாள்.

கன்னியப்பன் கம்பத்திடம் போனார். வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவரைப் போல நின்று சொன்னார். "கெழக்குத் தூணு செத்துப்போச்சு. தட்டிப் பாத்தேன். நாப்பது வருசம் இதே வேலை செஞ்சவன் சொல்றேன். தண்ணிய எறக்குங்க. புள்ளைங்க கீறாங்க."

திரையில் ஓடியது. யாரோ 'தூணு செத்துப்போச்சு' என்பதற்குப் பறை ஒலி சேர்த்தார்கள். சாயங்காலத்துக்குள் தூணுக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியாயிற்று. விளக்கு பச்சையோ பச்சை.

மறுநாள் வட்ட அலுவலகத்துக்கு நடந்தார். உதவிப் பொறியாளர் நஸ்ரின் அவரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயா! எங்க வீட்ல உங்க எறும்பை இன்னும் சொல்லிக்கிட்டிருக்கோம்!"

"எறும்பு கெடக்குதும்மா. தூணை வந்து பாரு."

நஸ்ரின் மேசையிலிருந்த திரைப்பலகையைத் தட்டினாள். "உங்க புகார் கேளிக்கைப் பிரிவுல இருக்கு ஐயா. அவசரத்துல வந்தாத்தான் நான் வண்டி எடுக்க முடியும்."

"நீ இஞ்சினீர் தானே? இஞ்சினீருக்குக் கண்ணு இல்ல?"

"இருக்கு. சிவப்பு விழாம நான் கெளம்பினா வண்டியே ஸ்டார்ட் ஆகாது ஐயா. போன வருசம் அப்படித்தான் நடந்தே போய் ஒரு பாலத்தைப் பாத்தேன். சம்பந்தமில்லாத எடத்துல சுத்தினேன்னு மெமோ குடுத்தாங்க."

"அப்போ நீயும் மெமோவுக்குப் பயந்து ஒக்காந்துக்கினு கீற. தூணாச்சும் பரவால்ல, நாலு வருசம் நின்னுட்டுத்தான் செத்துச்சு."

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சுவரிலிருந்த சின்னக் கண் அதையும் பார்த்துக்கொண்டது.

கன்னியப்பன் விடவில்லை. பரிமளாவைக் கெஞ்சிப் பேசவைத்தார். அவள் 'தூணு' என்று ஆரம்பித்ததுமே திரைக்கு முன்னால் இருந்தவர்கள், கன்னியப்பன் ஜோக்கைத்தான் சொல்கிறாள் என்று பல்லைக் காட்டிவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் பாலவாடி வாசலில் கையை விரித்து நின்று, "ஒரு புள்ள உள்ள போவக்கூடாது" என்றார். பிள்ளைகள் அவருடைய காலிடுக்கில் புகுந்து உள்ளே ஓடின. அந்த வாரத்தின் அதிகச் சிரிப்பு அதற்குத்தான் கிடைத்தது. மத்தியானம் நாற்பத்திரண்டும் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டன. கன்னியப்பன் நடுவில் நின்று தூணையே பார்த்துக்கொண்டிருந்தார், விழுந்தால் கையால் தாங்குகிறவர் மாதிரி.

பிள்ளைகள் போனதும் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தார். தொண்டை காய்ந்திருந்தது. தேநீர்ப்பொறி டம்ளரை நீட்டி, "தேநீர் எப்படி இருந்தது?" என்றது. வழக்கமாக அதற்கு அரை மணி நேரம் அர்ச்சனை நடக்கும். இன்று சண்டை போடத் தெம்பில்லை.

"நல்லா இருக்கு," என்றார்.

பெஞ்சிலிருந்த மூன்று பேர் டம்ளரைக் கீழே வைத்தார்கள். ஒருவன் தன் டீயை முகர்ந்து பார்த்தான். பால் வாங்க வந்திருந்த பரிமளா ஓடிவந்து அவர் நெற்றியில் கை வைத்தாள்.

"பெரிப்பா, ஒடம்புக்கு இன்னா? மாரு வலிக்குதா? எங்க மாமனாரு இப்படித்தான் ஒரு நாள் ரசம் நல்லா இருக்குன்னாரு. சாயங்காலம் ஆம்புலன்ஸ்."

அவளுடைய முகம் சுண்ணாம்பாக இருந்தது. கன்னியப்பன் அதைப் பார்த்தார். கடை வாசலிலிருந்த கம்பத்தைப் பார்த்தார். உச்சியில் சிவப்பு ஒரு முறை மின்னி அணைந்தது.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். முற்றத்துக் கம்பத்திடம் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வாழ்நாளில் செய்யாத வேலை. நாக்கு புரள மறுத்தது.

"தொட்டி ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

திரைகளில் ஓடியது. சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"தூணு நாலும் சோக்கா கீது. தப்பு சொல்லவே முடியாது. துரு ஒழுகுது, அதுவும் அழகாத்தான் கீது. கம்பி வெளிய தலைய நீட்டுது, நீட்டட்டும், பாவம், காத்து வாங்கட்டும். கட்டினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். எனக்குப் பேரப்புள்ள இருந்தா இந்தத் தொட்டி அடியிலதான் ஒக்கார வெச்சு சோறு ஊட்டுவேன்."

அத்தனை நாளில் முதல் தடவையாகக் குடியிருப்பு மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. பரிமளாவின் கையிலிருந்த பால் பாக்கெட் நழுவி விழுந்தது. மாடிகளில் முகங்கள் வெளிறின. ராயபுரத்தில் வெளிறின, திருவொற்றியூரில் வெளிறின. கம்பத்தின் தலை சிவந்தது, அணையவேயில்லை.

பதினோரு நிமிடத்தில் நஸ்ரின் வந்துவிட்டாள். வண்டி தானே கிளம்பி அவளை இழுத்து வந்திருந்தது. தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், பாலவாடியைப் பூட்டினார்கள், தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பாதித் தண்ணீர் இறங்கியிருந்தபோது கிழக்குத் தூணிலிருந்து ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து, பிள்ளைகள் சாப்பிடும் வரிசையின் நடுவில் விழுந்து மண்ணில் பதிந்தது. தென்றல் உட்காரும் இடம் அதற்கு ஒரு முழம் தள்ளி. பரிமளா அந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் வந்து கன்னியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

முகச்சல்லடை படிக்கிற பிள்ளை. ஒரு தடவை கற்றதை மறக்காது. கன்னியப்பன் பாராட்டினால் அபாயம் என்று எழுதி வைத்துக்கொண்டது. முதல் வேலையாக அவர் தேநீரைப் புகழ்ந்த பழைய பதிவைப் புரட்டி, டீக்கடைக்குச் சீல் வைத்தது. தண்ணீரையும் பாலையும் மூன்று நாள் சோதித்துவிட்டுத் திறந்தார்கள். அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "எங்க தெரு டிரான்ஸ்பார்மரை ஒரு வார்த்தை புகழ்ந்துட்டுப் போங்க பெரியவரே." "எங்க பள்ளிக்கூட மாடிப்படி அழகா இருக்குன்னு சொன்னா போதும்." கன்னியப்பன் போய்ப் பார்த்தார். கெட்டது என்று கண்டால் புகழ்ந்தார். நாற்பது வருடம் உண்மையைப் பேசி ஒரு செங்கலை நகர்த்த முடியாதவர், இரண்டு மாதத்தில் பொய் சொல்லி மூன்று மாடிப்படிகளை இடித்துக் கட்டவைத்தார். யாராவது நன்றி சொன்னால் எரிந்து விழுந்தார்.

தை மாதம் புதுத் தொட்டி திறப்பு. பந்தல் போட்டிருந்தார்கள். திறப்பதற்கு முன் கன்னியப்பன் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும் என்பது இப்போது விதியாகியிருந்தது. கூட்டம் அவருடைய முகத்தையே பார்த்தது.

கன்னியப்பன் பையிலிருந்து கூழாங்கல்லை எடுத்தார். கிழக்குத் தூணைத் தட்டினார். டங். மேற்கே தட்டினார். டங். மணி மாதிரி. விளிம்பைக் கையால் தடவினார். பலகை பிரித்த இடத்தில் ஒரு பிசிறு இல்லை. கம்பி வெளியே தெரியாமல் நல்ல கனத்துக்குக் காங்கிரீட் போட்டிருந்தது. கட்டினவன் அது இறுகும்வரை நாள் தவறாமல் தண்ணீர் காட்டியிருக்கிறான். யாரோ வேலை தெரிந்தவன்.

அவன் பக்கத்திலேயே நின்றான். பூவராகன் மேஸ்திரி, செய்யாறுப் பக்கம். குளித்து, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தான். தாழ்ந்த குரலில் கேட்டான்: "நம்ம வேலை தெரிஞ்சவர் நீங்க. எப்பிடி இருக்கு நைனா?"

கன்னியப்பனுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, உள்ளிருந்து, நல்லா இருக்கு என்று வந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கம்பத்தின் கண் பளபளத்தது. சொன்னால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் நாளைக்கு இடிக்கும் பொறி வந்து நிற்கும்.

முழுங்கிக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு தொட்டியா?" என்றார் சத்தமாக. "நாலு காலு வெச்ச கொழுக்கட்ட. இதைக் கட்டினவன் சென்ட்ரிங் கத்துக்கினானா, இல்ல கேட்டரிங் கத்துக்கினானா?"

பந்தல் அதிர்ந்தது. திரைகளில் ஊரே சிரித்தது. பச்சை விழுந்தது, மேளம் அடித்தார்கள், தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. சிரிக்காத முகம் ஒன்றே ஒன்று, பூவராகனுடையது. ஒரு முகத்தைச் சல்லடை கணக்கில் எடுப்பதில்லை.

நஸ்ரின் சிரித்துக்கொண்டே வந்தாள். "பாத்தீங்களா ஐயா? நீங்க நம்பலன்னாலும், கடைசியில முகம் சரியாத்தான் சொல்லுது."

"நெசத்தைச் சொன்னேன், சிரிச்சுது. பொய்யச் சொன்னேன், ஓடியாந்துது. இப்ப மறுபடி பொய்யச் சொன்னேன், மேளம் அடிக்குது. இதுக்கு உச்சியில கண்ணு வேற."

அதற்கும் பச்சை விழுந்தது.

கன்னியப்பன் பூவராகனிடம் போனார். அவன் தலை நிமிரவில்லை. அவனுடைய சிமெண்டு அரித்த கையை இழுத்துப் பிரித்து, கூழாங்கல்லை அதில் வைத்து, விரல்களை மூடினார். வாயைத் திறக்கவில்லை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. எதையும் சலித்தெடுக்க இடம் தராமல், கம்பத்துக்கு முதுகைக் காட்டித் தன் வீட்டைப் பார்த்து நடந்தார்.