ரிலீவர் வரும் வரை

மழை விட்டும் விடாத ஒரு மதியம், திருவொற்றியூரில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஜானட் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். காலையில்தான் ராயபுரத்தில் ஒரு கிளினிக்கைத் துடைத்துவிட்டு வந்திருந்தாள். முதுகு அப்போதே விண்விண்ணென்று தெறித்தது.

அங்கே நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் சுயம்பு அவளைப் பின்கட்டிலிருந்த குப்பை ரூமுக்குக் கூட்டிப்போனான்.

"மஞ்சப் பையில ரத்தத் துணி, கட்டு. செவப்புல ட்யூப்பு. ஊசி மட்டும் வெள்ள டப்பாவுல. மழையால குப்ப வண்டி வரல, அல்லாம் நாறிக்கினு கீது. நீ பையக் கட்டி வையி, தோ வந்துர்றேன்."

அவன் போனதும் ரூம் இன்னும் இருண்டது போலிருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி. அதற்கடியில் பழைய ரத்தத்தின் துரு வாடை. சுவரில் தண்ணீர் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் பிளாஸ்டிக் சரசரத்தது.

ஒரு பெண் முதுகு காட்டிக் குந்தியிருந்தாள். வெறுங்கையால் ஒரு மஞ்சள் பைக்குள் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கிளவுஸ் போட்டுக்கோங்க."

அவள் திரும்பவில்லை.

"ஊசி கீதும்மா உள்ள. நர்ஸுங்க போட்டுக்கினே இருக்காங்க. நானும் பொறுக்கிக்கினே கீறேன்." பல வருடம் தூங்காத குரல். "நீதான் என்ன மாத்தி உட வந்த ரிலீவரா?"

"ஆமாக்கா."

அவள் மெல்லத் திரும்பினாள்.

கண்ணில் வெள்ளையே இல்லை. முழுக்க மஞ்சள்.

ஜானட் கண்ணை இறுக மூடித் திறந்தாள். மூலையில் பைகள் மட்டுமே கிடந்தன.

அதில் ஒன்று இன்னும் சரசரத்துக்கொண்டிருந்தது.

அவள் ஓடிவந்து சொன்னதைக் கேட்டுச் சுயம்பு சிரிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"குணசுந்தரி. எம்.கே.பி. நகர் பொண்ணு. யாரோ மஞ்சப் பையில போட்ட ஊசி கையில ஏறிச்சி. காமால முத்திப் போச்சி. அப்பவும் ஜுரத்தோட வந்துகினு இருந்துச்சி. ரிலீவர் வராம எப்டி வூட்டுக்குப் போறதுன்னு கேக்கும். செத்தப்பறமும்... இங்க வேலைக்கு வந்தவங்க யாரும் நிக்கல."

"இன்னும் பையில ஊசி போடுறாங்களா?"

"வார்டுல போயிப் பாரு," என்றான் சுயம்பு.

பயப்படக்கூட ஜானட்டுக்குத் தெம்பில்லை. வார்டுக்கு ஏறிப்போனாள். ஒரு சின்ன நர்ஸ், கண்ணெல்லாம் சிவந்து, ஊசியை மஞ்சள் பைக்குள் போடப் போனாள். சட்டையில் சினேகா என்று பெயர் இருந்தது.

"வெள்ள டப்பா ரொம்பி வழியுதுக்கா. நேத்துலர்ந்து ட்யூட்டியில கீறேன். மாத்த ஆளில்ல."

ஜானட் புது டப்பா ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து அவள் மேசையருகே வைத்தாள்.

"இதுல போடும்மா. உங்க ஊசியால ஒரு பொம்பள செத்துக் கீறா. இன்னும் வூட்டுக்குப் போவல."

சினேகா ஊசியை டப்பாவில் போட்டாள்.

ஜானட் கீழே வந்து குப்பை ரூம் வாசலில் நின்றாள்.

"அக்கா, ரிலீவர் வந்துட்டேன். இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க வூட்டுக்குப் போங்க."

சரசரப்பு நின்றது. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

ஜானட்டுக்கு ஏனோ அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளவுஸை மாட்டினாள். ஈரத்துணி நிரம்பி ஊதிக் கிடந்த பெரிய பையின் வாயைப் பிடித்தாள். இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். முதுகு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு இழுத்தாள்.

பை லேசாக எழுந்தது.

அடிப்பக்கத்தை யாரோ வெறுங்கையால் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.