லோர்னா கட்டிய தூண்டில்

முந்தின நாள் சாயங்காலம் லோர்னா தூண்டில் கோலில் இறுக்கிச் சுற்றிவைத்த சிவப்பு நூல், காலையில் நூல்கண்டுக்கே திரும்பிப் போயிருந்தது. அறுபடவில்லை, சிக்கவும் இல்லை. கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அந்த நூல் பிடித்திருக்க வேண்டிய, தூண்டில் நரம்பு ஓடும் சின்னக் கம்பி வளையங்கள் மேசை விளிம்பை ஒட்டி, பெரியதிலிருந்து சிறியதுவரை, வரிசையாகக் கிடந்தன.

காபிக் கோப்பையோடு இறங்கி வந்தவள் நிலவறையின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். வீட்டைச் சூடாக்கும் சூடேற்றி உறுமிக்கொண்டிருந்தது. சூடான தூசியின் வாசனை, பழைய பெயின்ட் டப்பாக்களின் வாசனை, அவற்றுக்கெல்லாம் அடியில் ஏரிப்பாசியின் ஈர வாசனை ஒன்றும் லேசாக இருந்தது. வெளியே எல்லாம் உறைந்து கல்லாகிக் கிடக்கிற ஜனவரியில் அந்த வாசனைக்கு இங்கே வேலையில்லை.

வரிசையாக அடுக்குவதும் அவளுடைய பழக்கம் இல்லை. அது டுவேனுடைய பழக்கம்.

டுவேன் அவள் புருஷன். போன குளிர்காலத் தொடக்கத்தில், ஏரி சரியாக உறையும் முன்பே, கரையில் நின்ற எல்லோரையும் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லிவிட்டு ஏரிமேல் பனிவண்டியில் போனவன். வண்டி கிடைத்தது. ஹெல்மெட் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அவன் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. அவள் செய்ததைக் கலைப்பான், அவ்வளவுதான். அவள் மடித்த துண்டுகளை உதறித் திரும்ப மடிப்பான். அவள் நிறுத்திய காரை, கொட்டும் பனியில் இறங்கிப் போய், ஒரு முழம் தள்ளி நிறுத்திவிட்டு வருவான். தங்கை குழந்தைக்கு அவள் பின்னிய காலுறையில் ஒரு கண்ணி விட்டுப்போனதைப் பார்த்து, மொத்தத்தையும் பிரித்து உருண்டையாக்கி அவள் மடியில் வைத்தான். பேச்சே இல்லை. மூக்கு வழியாக ஒரு "ம்ஹ்" மட்டும்.

அப்பேர்ப்பட்ட கைகாரன் ஒரு தூண்டில்கூடக் கட்டியதில்லை. குளிர்காலம் வந்தால் உறைந்த ஏரிமேல் மீன்பிடிக்கப் போட்டிருக்கும் குடில் குடிலாக ஏறி இறங்கி, அவனவன் கடையில் வாங்கிய கோலைத் துடைப்பக்குச்சி என்று நக்கலடிப்பான். தான் ஒன்று கட்டினால் மீன் மூச்சு விடுவதுகூடக் கைக்குத் தெரியும் என்பான். அவன் போனபின் அலமாரியைத் திறந்தபோது எல்லாம் இருந்தன: கண்ணாடி இழைக் கோல்கள், வளையங்கள், நூல்கள், கார்க் பிடிகள். ஒரு பொட்டலம்கூடப் பிரிக்கப்படவில்லை. நினைவுப் பிரார்த்தனைக்குப் பிறகு லோர்னா முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலத்தைக் கிழித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. நாத்தனார் பெவ்வுக்குப் போன் செய்தாள்.

"பெவ், நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்தியா?"

"நானா? இந்தக் குளிர்ல நான் குப்பை போடவே வெளிய போகல அண்ணி. ஏன்?"

"நான் சுத்தின நூலை யாரோ பிரிச்சு வச்சிருக்காங்க."



"நீங்களே பிரிச்சிட்டு மறந்திருப்பீங்க," என்றாள் பெவ். "எங்கண்ணன் கூட இத்தனை வருஷம் இருந்தா யாருக்குத்தான் புத்தி நேரா இருக்கும்?"

லோர்னா மறுபடி உட்கார்ந்தாள். கோலை மேசையில் ஊன்றி வளைத்து, உள்ளங்கையால் உருட்டினாள்; ஒரு இடத்தில் அது தானாகத் துள்ளித் திரும்பி நின்றது. அதுதான் அதன் முதுகு, வளைய மறுத்து முரண்டும் பக்கம். அந்த முதுகை ஒட்டி வளையங்களை வைத்து, ஒவ்வொன்றின் காலின் மேலும் நூலை இழைக்கு இழை நெருக்கிச் சுற்றி, நுனியை உள்ளே இழுத்து மறைத்தாள். விரல் நுனிகள் மரத்துப்போயின. படுக்கப் போகும்போது நிலவறைக் கதவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

காலையில் நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது. கீழே நூல் மறுபடியும் கண்டில் இருந்தது. மேசைமேல் ஒரு கையளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

அவள் அந்தத் தண்ணீரைத் துணியால் துடைத்தாள். பயத்துக்குள்ளேயே கோபமும் கிளம்பியது. செத்த பிறகும் இவனுக்கு இதுதான் வேலையா? கடைசிவரை ஒரு நூலைக் கோலில் சுற்றத் துணியாதவன், அடுத்தவள் சுற்றினதைப் பிரிக்க மட்டும் ஏரியிலிருந்து எழுந்து வருவானா? காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

அன்று அவள் மேலே போகவில்லை. பிற்பகலிலேயே ஜன்னல் நீலமாகி, பிறகு கறுத்தது. கடைசி வளையத்தைச் சுற்றி முடித்த கையோடு பசையைக் கலந்து, நூல்மேல் தூரிகையால் தடவி, கோலைச் சின்ன மோட்டாரில் மாட்டிவிட்டாள். பசை வழியாமல் இறுக, கோல் மெல்லச் சுழன்றது. இறுகிவிட்டால் நூலைப் பிரிக்க முடியாது, கத்தி வைத்துத்தான் கீற வேண்டும். அதுவரை எதிரே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தாள்.

மோட்டாரின் முனகல். சூடேற்றியின் உறுமல். பசையின் காட்டமான நெடி கண்ணைக் கரித்தது. பிறகு அந்த நெடி குறைந்து, பாசி வாசனை ஏறியது. சேறும் மட்கிய இலையும் நனைந்த கம்பளியும் கலந்த வாசனை, அவளுக்குப் பின்னாலிருந்து, கழுத்துக்கு மிக அருகிலிருந்து. முதுகில் குளிர் படர்ந்தது. சிமென்ட் தரையில் சொட்டுச் சத்தம். ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

அவள் திரும்பவில்லை. கோலையே பார்த்தாள்.

"ம்ஹ்."

கழுத்து முடி அசைந்தது. திரும்பாதே. பார்க்காதே. அவள் தூரிகையின் பின்முனையால் பசையைத் தொட்டாள். ஒட்டவில்லை. கண்ணாடிபோல் இறுகியிருந்தது.

"உன்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள், முன்னால் பார்த்தபடியே. "போய்ச் சேரு."

சொட்டுச் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தபோது தரையில் ஈரம் மட்டும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பெவ் தன் டிரக்கில் அவளை ஏரிக்குக் கூட்டிப்போனாள். டுவேனின் மீன்பிடிக் குடில் கரையோரம் சும்மா கிடந்தது. இருவருமாக அதைப் பனிமேல் இழுத்து நிறுத்தினார்கள். குடிலுக்குள் பனியில் துளை போடும் கருவி அலறியது, பனித்தூள் பறந்தது, கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று மேலே வந்தது.

பெவ் கோலை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். "நிஜமாவே நல்லா இருக்கு அண்ணி. எங்கண்ணன் பாத்திருந்தா வயித்தெரிச்சல்லயே செத்திருப்பான்."

"அதுக்கு முன்னாடியே போய்ட்டான்," என்றாள் லோர்னா. இருவரும் சிரித்தார்கள்.

பெவ் சாண்ட்விச் எடுத்துவர டிரக்குக்குப் போனாள். கதவு மூடியதும் குடில் இருண்டது, ஜன்னல் கிடையாது. கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. பனிப்பரப்பின் வழியே இறங்கிய பகல் வெளிச்சத்தில், துளைக்குக் கீழே தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது. லோர்னா ஈயக்குண்டு வைத்த முள்ளை இறக்கினாள். நரம்பு நேராக ஆழத்துக்குப் போனது. கோல் நுனி ஒவ்வொரு சின்ன அசைவையும் அவள் விரலுக்குக் கொண்டுவந்தது. ஒரு சிறு மீன் உரசிப் போனதுகூடத் தெரிந்தது. நெஞ்சு லேசானது. நான் கட்டியது. நானே கட்டியது.

பிறகு கனம்.

மீன் இழுக்கும் இழுப்பு இல்லை. ஓட்டமும் இல்லை, உதறலும் இல்லை. நனைந்த கம்பளிக் கோட்டின் கனம். அவள் பிடிக்கு மேலே நரம்பு சுற்றியிருந்த உருளையைச் சுற்றினாள். வந்தது. தடையில்லாமல், கிட்டத்தட்ட விருப்பத்தோடு, மேலே வந்தது.

பச்சை வெளிச்சத்தில் அகலமாக ஒரு கறுப்பு. தோள்கள்.

நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள். கை சுற்றிக்கொண்டே இருந்தது.

முகம். ஏரியின் குளிர் அதை அழுகவிடவில்லை. மெழுகு நிறம். முள் மேலுதட்டின் ஓரத்தில் மாட்டியிருந்தது. உருளை சுற்றச் சுற்ற உதடு ஒரு பக்கமாக ஏறி, பற்கள் தெரிந்தன. கண்கள் திறந்திருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. கோலைப் பார்த்தன. நுனி வளையம். அடுத்த வளையம். அதற்கடுத்தது. நிதானமாக. கடைசியில் பிடி. பிடியைப் பற்றியிருந்த அவள் கை.

அங்கே நின்றன.

"பெவ்," என்றாள். காற்றுத்தான் வந்தது.

தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு கை எழுந்தது. அவசரமில்லை. அவள் மணிக்கட்டைத் தொட்டது. எலும்புவரை குளிர்.

வெளியே டிரக் கதவு சாத்தும் சத்தம். பனியில் பெவ்வின் பூட்ஸ் நொறுங்கும் சத்தம். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அவள் வந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கை லோர்னாவின் சுண்டுவிரலைப் பிடியிலிருந்து எடுத்தது. கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தது. பிறகு மோதிர விரல். பிறகு நடுவிரல். ஒவ்வொன்றாக, பொறுமையாக, எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படிச் சரிசெய்து வைத்தது. அவள் கையை இழுக்க நினைத்தாள், விரல்கள் அவள் சொல் கேட்கவில்லை.

கட்டைவிரலையும் வைத்து முடித்ததும், அது தன் விரல்களை அவள் விரல்கள் மேல் மூடிக்கொண்டு, அவள் கையையும் கோலையும் இழுத்துக்கொண்டு மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கியது.