நனையக் கூடாத சவ்வு

பொறியாளர் உள்ளே வந்ததும் தோள்பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குள் பழுப்பாக ஏதோ கலங்கிக் கிடந்தது.

"இது பச்சைத் தண்ணி மாதிரி தெளிவா இருந்திருக்கணும்மா," என்றார். "அதிகாரிங்க எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. குழாயைத் திறக்கிறேன், இதுதான் வந்துச்சு. ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சார்."

தீ விபத்துக் காப்பீட்டு வழக்குகளைப் பல காலம் துருவியவர் என்பதால் அந்த அம்மாளுக்கு விசாரணையம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓய்வுபெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். யாராவது வந்தால் போதும், அவருடைய மகனின் மாமனாரான மருந்துக்கடைக்காரர் கடையை மாப்பிள்ளை தலையில் கட்டிவிட்டு ஓடி வந்துவிடுவார். இப்போதும் புட்டியை முதலில் மோந்து பார்த்து முகம் சுளித்தவர் அவர்தான்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் விசாரணையம்மா.

உணவுக்கடைகளின் மிச்சத்தையும் காய்கறிக் கழிவையும் மூடிய தொட்டிகளில் நொதிக்க வைக்கும் ஆலை அவர்களுடையது, குடும்பமே நடத்துகிறது. எரிவாயு எடுத்தது போக மிஞ்சும் கறுப்பு நீரில் பயிருக்கு வேண்டிய சத்து ஏராளம். அதைப் பிரித்தெடுக்கத்தான் பொறியாளர் ஓர் உருளையைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார்.

"உருளைக்குள்ள முடி மாதிரி மெல்லிசான குழாய்ங்க, கட்டுக்கட்டா. அந்தக் குழாயோட சுவர்தான் சவ்வு. ஒரு பக்கம் கறுப்புத் தண்ணி, மறுபக்கம் தெளிஞ்ச அமிலம். அமோனியா வாயுவா சவ்வைத் தாண்டிப் போய் அமிலத்துல கலந்து உரமாயிடும். தண்ணி தாண்டாது."

"தாண்டிடுச்சு."

"சவ்வு கிழிஞ்சிருக்கு. கிழிச்சிருக்காங்க. அந்த அறைக்குள்ள மூணு பேர்தான் போவோம். நான், என் வீட்டுக்காரர், அக்கா." அக்கா என்று அவர் சொன்னது ஓரகத்தியை. "அவங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது."

"அக்காதான்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சம்பந்தி, செருப்பைப் போடுங்க. போய்ப் பார்த்துட்டுச் சொல்லலாம்."

ஆலை வாசலிலேயே மருந்துக்கடைக்காரர் எதையோ மிதித்துவிட்டார். கழுவப் போனால் குழாய்க்கு மேலே ஒரு பலகை: 'உள்ளே சோப்பு கொண்டுவரக் கூடாது.' வெறும் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து அலுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

மூத்த மருமகள் தொட்டியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். கேள்விக்காகக் காத்திருக்கவில்லை.

"என்மேலதானே சந்தேகம்? ஆமா, எனக்குப் பொறாமைதான். அவ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் இந்தத் தொட்டிங்களோட மாரடிக்கிறேன். இது நொதிக்கலைன்னா அவ சவ்வு எதைப் பிரிக்கும்? ஆனா போட்டோவுல நிக்கிறது யாரு? அவ!"

"பழுப்பா வந்தப்போ எப்படி இருந்துச்சு?"

"குளுகுளுன்னு இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அதுக்காக ஊசி எடுத்துக் குத்துற அளவுக்கு நான் மட்டமாயிடலை."

"சோப்பு வேணாம்னு பலகை மாட்டியிருக்கே?"

"எனக்காக அவ செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான். சோப்பு பட்டா என் தொட்டியில இருக்கிற நுண்ணுயிரெல்லாம் செத்துப்போகும்ல?"

பின்கட்டில் துருப்பிடித்த இரும்புக் கோபுரம் ஒன்று நின்றது. அதன் நிழலில் பொறியாளரின் கணவர் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பொறியியல் படித்தவர்தான்.

"இது நான் கட்டினது," என்று கோபுரத்தைக் காட்டினார். "காத்தை ஊதி அமோனியாவைப் பிரிக்கிற ஏற்பாடு. உப்புப் படிஞ்சு அடைச்சுக்கிச்சு. அப்புறம் இவ சவ்வைக் கொண்டுவந்தா. இப்போ எனக்கே பேர் மாறிடுச்சு, சவ்வம்மா வீட்டுக்காரர்னுதான் கூப்பிடுறாங்க. பெருமைதான்!" சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. "பாவம், ராப்பகலா உழைச்சா. சவ்வு நனைஞ்சுட்டா யார் என்ன பண்ண முடியும்?"

சற்றுத் தள்ளி வந்ததும் மருந்துக்கடைக்காரர் கிசுகிசுத்தார். "என்ன பேச்சு இது? நாள் முழுக்கத் தண்ணியில கிடக்கிற சவ்வு நனையாம காஞ்சா கிடக்கும்?"

"நல்ல கேள்வி சம்பந்தி," என்றார் விசாரணையம்மா. "உங்களுக்கு இப்போ ஒரு வேலை. மருந்துப் புட்டி குலுக்கின கைதானே?"

இரண்டு புட்டிகளில் கறுப்பு நீர் பிடித்தார்கள். ஒன்று மூத்த மருமகளின் தொட்டியிலிருந்து. மற்றது தொட்டிக்கும் உருளைக்கும் நடுவே இருந்த சின்னப் பீப்பாயிலிருந்து. மருந்துக்கடைக்காரர் இரண்டையும் சேர்த்துக் குலுக்கினார். தொட்டி நீரின் நுரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டது. பீப்பாய் நீரின் நுரையோ வெள்ளைவெளேரென்று அப்படியே நின்றது. மூடியைத் திறந்தால், அந்தப் புளித்த நாற்றத்தையும் மீறி எலுமிச்சை வாசனை.

"பாத்திரம் கழுவுற சோப்பு!" என்று துள்ளினார். "ஒரே வீடு, ஒரே சமையலறை. அக்காதான் எடுத்துட்டு வந்திருக்காங்க!"

விசாரணையம்மா பொறியாளரைத் தனியாக அழைத்து ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பலகை எதுக்குன்னு யாருக்கெல்லாம் சொன்னீங்க?"

"விளக்கமா சொன்னது என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான். ஏன்?"

மறுநாள் காலை அந்த வீட்டார் மூவரையும் விசாரணையம்மா சவ்வு அறைக்கு வரவழைத்தார். உருளை கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் இரும்பறுக்கும் ரம்பம்.

"கிழிஞ்ச சவ்வு இனிமே எதுக்கும் ஆகாது," என்றார் விசாரணையம்மா. "அறுத்துப் பார்த்துடலாம். கிழிசல் எங்க இருக்குன்னு தெரிஞ்சா கிழிச்ச கையும் தெரிஞ்சுடும். சம்பந்தி, அறுங்க."

பொறியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் ரம்பத்தை உருளைமேல் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"அறுக்காதீங்க!" கணவர் பாய்ந்து வந்து உருளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "இது கிழியலை. நல்லா அலசி உலர்த்தினா பழையபடி ஆயிடும்."

பொறியாளர் சட்டென்று திரும்பினார். "திறந்துகூடப் பார்க்கலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விசாரணையம்மா பேசினார்.

"இந்தச் சவ்வு தண்ணியிலேயே கிடந்தாலும் நனையாது. மெழுகுக் காகிதம் மாதிரி தண்ணியை ஒட்டவிடாது. அதனாலதான் வாயு மட்டும் தாண்டுது. சோப்பு பட்டா அந்தக் குணம் போயிடும், சவ்வு நனைஞ்சு தண்ணியும் தாண்டிடும். வெளியில இருந்து பார்த்தா கிழிஞ்சதுக்கும் நனைஞ்சதுக்கும் வித்தியாசம் தெரியாது. கொண்டுவந்து பொருத்தின இவங்களே கிழிசல்னுதான் நினைச்சாங்க. மூத்தவங்க ஊசின்னு சொன்னாங்க. அவங்களுக்குச் சோப்புன்னா தன் தொட்டிக்கு விஷம். சவ்வைக் கெடுக்கணும்னு தோணியிருந்தாலும் சோப்பு நினைப்புக்கே வந்திருக்காது. 'நனைஞ்சுட்டா'ன்னு சொன்னது ஒருத்தர்தான்."

கணவர் உருளையை விடாமலே பேசினார். "இதைப் பாழாக்கணும்னு நினைக்கலை. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓட வேணாம்னு நினைச்சேன். போன தடவை அதிகாரிங்க வந்தப்போ என் கோபுரத்தைக் காட்டி 'இந்த இரும்பு எதுக்கு'ன்னு கேட்டாங்க. நீ 'அது ஒண்ணுமில்ல, எடைக்குப் போட்டுடுவோம்'னு சிரிச்சே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? கட்டின பொண்டாட்டி மேல பொறாமைன்னா?"

பொறியாளருக்குக் கண் கலங்கியது. "அக்காவைப் போய் சந்தேகப்பட்டேன். நீங்க பேசாம பார்த்துக்கிட்டு இருந்தீங்க." கையை நீட்டினார். "சாவி."

கணவர் இடுப்பிலிருந்து அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். பொறியாளர் அதை ஓரகத்தியிடம் நீட்டினார்.

"எனக்கா?" மூத்தவர் பின்வாங்கினார். "நாளைக்கும் உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்டி."

"எரியட்டுங்க்கா. எரியறப்போ சொல்லிடுங்க. இப்போ இதை ஒரு பக்கம் பிடிங்க, அலசணும்."

இரண்டு பெண்களும் உருளையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்கள். கணவரும் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டியபடி கூடவே வாசல்வரை போனார். வராதே என்று யாரும் சொல்லவில்லை. பிடிக்க இடமும் கொடுக்கவில்லை.