மூச்சுப் பட்டதும் அணைந்த வெளிச்சம்

பிரகலாதன் குனிந்து பார்த்ததும் முதல் குழாய் அணைந்துபோனது.

அணையக் கூடாத குழாய் அது. அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் அவன் வேலைசெய்யும் தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தின் இருட்டறையில், கடலில் வாழும் ஒருவகைப் பற்றீரியா நுண்ணுயிர்கள் சின்னக் கண்ணாடிக் குழாய்களுக்குள் நீலமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். நல்ல தண்ணீரைக் கலந்தால் வெளிச்சம் அப்படியே இருக்கும். நஞ்சு இருந்தால் மங்கிச் செத்துப்போகும். முதல் குழாயில் இருந்ததோ சுத்தமான தண்ணீர். "மலிவுச் சரக்கு" என்று குழாய்களை அனுப்பியவர்களைத் திட்டினான். ஊரில் எவர் செய்வதிலும் அவனுக்குக் குறைதான் தெரியும். தன் முதுகு மட்டும் தெரியாது.

போன வாரம் ஞானாம்பிகை என்ற தோட்டக்காரப் பெண் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். வெங்காயத்துக்குப் பூச்சிமருந்தடிக்கும் தாங்கியை அந்தக் கிணற்றடியில்தான் கழுவுவார்கள். மகள் நிவேதனாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் ஆகுமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

"உங்களைப்போலப் பெரியாக்களுக்குக் குடுக்கிற தண்ணி எண்டு நல்லாக் காய்ச்சி, வேட்டித் துண்டாலை வடிச்சுக் கொண்டுவந்தனான் தம்பி" என்றாள் பெருமையோடு.

காய்ச்சி வடித்தால் சோதனை சரிவராது, காய்ச்சாத தண்ணீராகக் கொண்டுவாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குக்கூட அவளுக்குத் தகுதியில்லை என்று நினைத்தான், பெரிய துரை. அவள் போனதும் சோதிக்காமலே போத்தலைத் தொட்டியில் கவிழ்த்தான். மறுநாள், "நல்ல தண்ணி அம்மா, பயமில்லாமல் குடியுங்கோ" என்று சொல்லியனுப்பினான். மோட்டுச் சனம் என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

இன்று காலை தன் வீட்டு வழியே போனவனை அவள் மறித்து, நன்றியோடு ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"நிவேதனா பின்னேரம் ஆசுப்பத்திரியாலை வாறாள். இனி எல்லாம் உந்தக் கிணத்துத் தண்ணியிலைதான்."

வாங்காமல் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். குடித்தான். நாக்கில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டது. அப்போதாவது வாய் திறந்தானா? இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தான்.

இப்போது இரண்டாவது குழாயின் பக்கம் குனிந்தான். அதுவும் அணைந்தது. கதவுக்கு வெளியே சந்தை இரைச்சல், உள்ளே குளிர்சாதனப் பெட்டியின் முனகல், ஈரச் சுவரின் பூஞ்சண மணம், இவற்றுக்கிடையே அவன் மூச்சிலிருந்தே கிளம்பிய, மருந்தடித்த தோட்டத்தில் வீசுகிற அதே நெடி. பின்வாங்கினான். இரண்டு குழாய்களும் மெல்ல மெல்லத் திரும்பவும் ஒளிர்ந்தன. செத்த பற்றீரியா ஒருநாளும் ஒளிராது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டப் போனான். வெளிச்சம் மங்கவில்லை.

மூச்சு விட்டான். அறை முழுதும் இருண்டது.

சீ! கண்ணுக்குத் தெரியாத இந்த அற்பங்களுக்கு நானா நஞ்சு? பயம். வெறும் பயம்.

மேசையில் கைபேசி அடித்தது. ஞானாம்பிகை.

"தம்பி, பிள்ளை வந்திட்டுது. பசியிலை கத்துறான். கிணத்துத் தண்ணியிலை பால் கரைக்கட்டோ?"

குடுக்காதையுங்கோ. ஒரே வார்த்தை. இந்த முறை உண்மையாகவே சொல்ல நினைத்தான். வாயைத் திறந்தான்.

மூச்சு வரவில்லை.

முதல் குழாய் மறுபடி ஒளிர்ந்தது. இரண்டாவது. பிறகு தட்டு முழுவதும். நெஞ்சை அடித்தான். தொண்டையைப் பிசைந்தான். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளையின் அழுகை மட்டும் கைபேசியில் கேட்டது.

"தம்பி? வேலையாக்கும், பாவம். நல்ல தண்ணி எண்டு நீங்கள்தானே சொன்னியள். சரி, நான் கரைக்கிறன்."

அழைப்பு நின்றது.

பெட்டியின் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தான். திறந்த வாய். அசையாத நெஞ்சு. விழித்திருந்த கண்கள். அவன் முகத்துக்கு நேரே, ஒன்றுகூட மங்காமல், அத்தனை குழாய்களும் நீலமாக எரிந்துகொண்டிருந்தன.