ஸ்டீபனின் பகல் தூக்கம்

காலை ஷிப்டு பஸ்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரத்தில், ஸ்டீபனும் அவன் மனைவி மெர்சியும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் படியேறி வந்தார்கள். இரும்பு ஆலையில் நைட் ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தான் ஸ்டீபன். சட்டையில் எரிந்த எண்ணெய் வாடை. பகலில் தூங்குகிறவன் என்பதால் தூக்கப் பரிசோதனையும் பகலில்தான்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது சிஸ்டர். நான் பக்கத்துல முழிச்சுக்கினே கெடக்கறேன்," என்றாள் மெர்சி.

டெக்னீஷியன் நர்மதாவுக்கு இது பழகிய பேச்சு. ஸ்டீபனின் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். மூச்சுக்காற்றை அளக்க மூக்கடியில் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப், குறட்டையைக் கேட்கத் தொண்டையருகே ஒரு மைக். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, மெர்சியை அழைத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு வந்தாள்.

படுத்ததுமே ஸ்டீபன் தூங்கிப்போனான். கம்ப்யூட்டரில் கோடுகள் அலை அலையாக ஓடின. கொஞ்ச நேரத்தில் மூச்சின் கோடு படுத்தது. நெஞ்சின் கோடும் படுத்தது.

இப்படி நிற்கும் மூச்சு திணறிக்கொண்டு தானே திரும்பி வரும். நர்மதா காத்திருந்தாள்.

மைக்கின் கோடு மட்டும் ஏறி இறங்கியது.

ஹெட்போனைக் காதில் வைத்தாள். மூச்சுச் சத்தம். நிதானமான, ஈரமான மூச்சு. ஒவ்வொன்றின் முடிவிலும் மெல்லிய விசில். ஒயரில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கேமராவைப் பார்த்தாள். கட்டிலில் ஸ்டீபன் மட்டும்தான். நெஞ்சு அசையவில்லை. உதடுகள் மட்டும் எதையோ ஊதுவதுபோல் குவிந்திருந்தன.

அந்த மூச்சு நின்றது. உடனே ஸ்டீபன் திணறி மூச்சிழுத்தான். நாலைந்து இழுப்புதான். அவன் கோடு மறுபடி படுத்தது.

மற்றது தொடங்கியது.

ஒவ்வொரு தடவையும் அவனுடைய முறை சுருங்கியது. மற்றதன் முறை நீண்டது.

நர்மதாவின் முகம் போன போக்கைப் பார்த்து மெர்சி ஹெட்போனை வாங்கிக் கேட்டாள்.

"அரசப்பண்ணன்," என்றாள் மெதுவாக.

"யாருக்கா அது?"

"இவரு கூட ஃபர்னஸ்ல வேலை செஞ்சவரு. கேஸ் அடிச்சு விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இவருதான் வாயில வாய் வெச்சு ஊதிக்கினே இருந்தாரு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பாத்தப்ப இதே விசிலோடதான் இழுத்துக்கினு கெடந்தாரு. அப்பறம் அடங்கிட்டாரு."

நர்மதா ஓடிப்போய் விளக்கைப் போட்டு ஸ்டீபனை உலுக்கினாள். கை கால் சில்லிட்டிருந்தது. பெயர் சொல்லிக் கத்தினாள். கன்னத்தில் தட்டினாள். ரொம்ப நேரம் கழித்தே கண் திறந்தான். அந்தக் கண்களில் பயமில்லை, களைப்புதான்.

"ஏன் சிஸ்டர் எழுப்புனீங்க?" அவன் குரல் எழும்பவே இல்லை. "'நிறுத்தாத ஸ்டீபா'ங்கறான் அரசப்பன். நான் நிறுத்துனா செத்துடுவான்ல?"

மெர்சி அழுதுவிட்டாள். "அவருதான் எப்பவோ போய்ட்டாரேங்க."

"அவனுக்கு அது தெரியலியே."

மைக்கில் கேட்டது வெறும் இரைச்சல் என்றார் டாக்டர். தூங்கும்போது காற்றைத் தள்ளிக் கொடுக்கும் மெஷினும் முகத்தில் மாட்டிக்கொள்ள மாஸ்க்கும் கொடுத்தனுப்பினார். மெர்சி சர்ச்சில் ஜெபம் வைத்தாள். பக்கத்து வீட்டு கங்கம்மா பெரியபாளையத்திலிருந்து வேப்பிலை கொண்டுவந்து அவன் தலைமாட்டில் சொருகினாள்.

ஒரு மத்தியானம் மெர்சி தனியாக வந்து மெஷினையும் மாஸ்க்கையும் மேஜைமேல் வைத்தாள்.

"மாஸ்க் போட்டுக்கினு நல்லாதான் தூங்கினு இருந்தாரு சிஸ்டர். மூச்சு சீரா கேட்டுது. நான் பக்கத்துலயே காய் அரிஞ்சுக்கினு இருந்தேன். ஷிப்டுக்கு நேரமாச்சேன்னு தொட்டா..." மெஷினை நர்மதா பக்கம் தள்ளினாள். "வெறச்சுப் போயிருந்தாரு. உசுரு போய் ரொம்ப நேரம் ஆச்சுன்னாங்க."

"மூச்சு கேட்டுச்சுன்னீங்களே அக்கா?"

"தொட்டப்பவும் கேட்டுது."

அவள் போன பிறகு நர்மதா அந்த மேஜையையே பார்த்தபடி நின்றாள். மெஷினின் ஒயர் சுற்றிய சுற்று கலையாமல் கிடந்தது. எதிலும் சொருகியிருக்கவில்லை.

மாஸ்க்கின் உட்புறம் வெள்ளையாக ஆவி படர்ந்தது.

கலைந்தது.

துப்பட்டாவால் துடைத்தாள். துணி ஈரமானது.

மறுபடி படர்ந்தது. ஒரு தடவை நிதானமாக. அடுத்த தடவை, திணறித் திணறி.