ஊரைக் கலக்கிய மண் மாடு

பெருமாயி செய்த மண் மாட்டுக்குக் கொம்பு நின்றது, கால் நின்றது, வால் மட்டும் நிற்கவே இல்லை. ஒட்ட ஒட்டக் கீழே விழுந்தது. கடைசியில் வாலை வளைத்துப் பின்னங்காலோடு சேர்த்து அழுத்திவிட்டாள். ஈ ஓட்டி முடித்து வாலைத் தொங்கவிட்ட மாடு போல அது அழகாகப் பொருந்திப் போயிற்று.

சாமியப்பன் வாத்தியார் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"உங்க ஊட்டுச் செவலை மாடுதானே கண்ணு இது?"

"ஆமாங்க."

"அச்சு அசலா இருக்குது. நாளைக்குக் கரித்துண்டால கண்ணு மட்டும் வச்சிரு."

அவ்வளவுதான், வகுப்பு முழுவதும் மாடு செய்யக் கிளம்பிவிட்டது. பாம்பு உருட்டிக்கொண்டிருந்த அர்த்தனாரி அந்தப் பாம்பை வெட்டி மாட்டுக்கு நாலு காலாக்கினான். சட்டி செய்த பொன்னாயி சட்டியை நசுக்கி மாட்டின் வயிறாக்கினாள். மற்றவர்களும் விடவில்லை. சில மாடுகள் ஆட்டைப் போல இருந்தன. ஒன்று பலாப்பழத்துக்குக் கால் முளைத்தது போல இருந்தது. அதையும் மாடு என்றுதான் சொன்னார்கள்.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறித்தான் வர வேண்டும். அப்படி ஏறி வந்து, எடப்புளி நாடு என்ற மலையூரில் இந்தக் கூரைப் பள்ளிக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்தார் வாத்தியார். பிள்ளைகள் புத்தகம் படித்தால் மட்டும் போதாது, கையாலும் ஏதாவது செய்து பழக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. வாத்தியாரிடம் வர்ணமும் இல்லை, காகிதமும் இல்லை. ஓடைக்கரையில் களிமண் மட்டும் வேண்டிய மட்டும் கிடந்தது. அதனால்தான் மண் வேலை.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். போன வருஷம் அவர் வந்தது மிளகு பறிக்கும் சமயம். பிள்ளைகள் எல்லோரும் தோட்டத்தில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் ஓர் ஆடும்தான் இருந்தார்கள். அடுத்த தடவையும் இப்படியென்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். மூடிவிட்டால் செம்மேட்டுக்குத்தான் போய்ப் படிக்க வேண்டும். அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? பெருமாயி இப்போதுதான் மூன்றாம் புத்தகத்துக்கு வந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கதவு இல்லை. மண் பொம்மைகளை அங்கே வைத்தால் ஆடு நக்கிவிடும். "ஊட்டுக்குக் கொண்டுபோயி அடுப்புப் பக்கமாக் காய வையுங்க" என்று வாத்தியார் அனுப்பினார். தொல்லையெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

பெருமாயி மாட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். எதிரே விறகுக் கட்டோடு பாப்பாயி அக்கா வந்தாள். மண் மாட்டைப் பார்த்தாள். விறகைத் தொப்பென்று கீழே போட்டாள். "அடப் பாவமே, செவலைக்கா?" என்று கேட்டாள். செவலையைத்தான் செய்திருக்கிறோம் என்ற பெருமையில் பெருமாயி ஆமாம் என்று தலையாட்டினாள். அக்கா விறகை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். பொம்மையைப் பார்த்து யாராவது இப்படி ஓடுவார்களா? பெருமாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்குப் போனால் வாசலில் ஒரே கூட்டம். செவலையை நாலு பேர் பிடித்திருந்தார்கள். ஒருவர் வாயைப் பிளந்து நாக்கைப் பார்த்தார். ஒருவர் காதைத் தொட்டுச் சூடு பார்த்தார். பாப்பாயி அக்கா மிளகும் பூண்டும் வெற்றிலையும் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். அதை மூங்கில் குழாயில் அடைத்துச் செவலையின் தொண்டைக்குள் இறக்கினார்கள். செவலை 'அச்' என்று பெரிதாகத் தும்மியது.

"பாத்தீங்களா, தும்மல் வேற" என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

பெருமாயியின் அப்பா செங்கோடன் அம்மாவை முறைத்தார். மாட்டுக்கு நோவென்று தன்னிடம் சொல்லாமல் சாமிக்கு நேர்ந்துகொண்டாளே என்று அவருக்குக் கோபம். அம்மா ராமாயி அப்பாவை முறைத்தாள். அவர்தான் நேர்ந்துகொண்டு மறைத்துவிட்டார் என்று அவளுக்குக் கோபம்.

அப்போதுதான் பெருமாயிக்குக் கொஞ்சம் உறைத்தது. மலையில் மாட்டுக்கு நோவு வந்தால் சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள். மண்ணால் அந்த மாட்டைப் போலவே ஓர் உருவாரம் செய்து கோயிலில் வைப்பார்கள். மலையில் குயவர் கிடையாது. வீட்டுக்காரர்களேதான் உருவாரம் செய்தாக வேண்டும். மண் மாட்டோடு ஒரு பிள்ளை வந்தால், அந்த வீட்டு மாட்டுக்கு நோவு என்றுதான் அர்த்தம். வேறு எதற்காகவும் யாரும் மாடு செய்து அவர்கள் பார்த்ததில்லை.

"இது பள்ளிக்கூடத்துக்குச் செஞ்சதுங்க. சும்மாதானுங்க" என்று பெருமாயி சொன்னாள்.

"சும்மா யாராச்சும் மாடு செய்வாங்களா சாமி?" என்றாள் பாப்பாயி அக்கா. "எதுக்காவது ஆகணுமில்ல?"

எதற்கு ஆகும்? பெருமாயி யோசித்தாள். உழ ஆகாது, பால் கறக்க ஆகாது. அவளுக்குப் பதில் தெரியவில்லை.

அதற்குள் ஊரின் மறுகோடியிலிருந்து சேதி வந்தது. அர்த்தனாரி கையிலும் மண் மாடு, பொன்னாயி கையிலும் மண் மாடு. வீட்டுக்கு வீடு மண் மாடு வந்திறங்கியிருந்தது. ஊர்க்கவுண்டர் சின்னுசாமி ஆடிப்போய்விட்டார். ஒரு மாட்டுக்கு வந்தால் நோவு. ஊர் மாட்டுக்கெல்லாம் ஒரே நாளில் வந்தால் அது கொள்ளைநோய் அல்லவா?

பொழுது சாய்வதற்குள் தப்பு மேளம் அடித்து ஊரைக் கட்டிவிட்டார்கள். ஓடைப் பாதையின் குறுக்கே காட்டுக்கொடியை இழுத்துக் கட்டித் தழையைச் சொருகினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வரை யாரும் கொடியைத் தாண்டி வெளியே போகக் கூடாது, உள்ளே வரவும் கூடாது. பள்ளிக்கூடம் கொடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அன்று செவலை புல்லைத் தொடவில்லை. பெருமாயிக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவேளை நேர்ந்துகொள்ளாமல் மாடு செய்ததால்தான் நிஜமாகவே நோவு வந்துவிட்டதோ? செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதன் வாயிலிருந்து மிளகு நெடி குப்பென்று அடித்தது. பெருமாயி தும்மினாள், செவலையும் தும்மியது. ஒரு சட்டி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். செவலை ஒரே இழுப்பில் குடித்துவிட்டுப் புல்லுக்குப் போயிற்று. ஓகோ, வாய் எரிந்தால் மாடு எப்படித் தின்னும்?

மறுநாள் காலையில் பெருமாயி வீடு வீடாகப் போய் விசாரித்தாள். எங்கள் மாடு நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் செவலைக்குத்தான் நோவாமே என்றாள் பொன்னாயி. எங்கள் மாட்டுக்கு ஒன்றுமில்லை, பொன்னாயி வீட்டு மாட்டுக்குத்தான் முடியவில்லையாம் என்றான் அர்த்தனாரி. போன வீட்டிலெல்லாம் இதே கதை. நோவு எப்போதும் பக்கத்து வீட்டில்தான் இருந்தது.

ஓடைப் பக்கம் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். கொடிக்கு அந்தப் பக்கம் சாமியப்பன் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். ஒரு பிள்ளைகூட வரவில்லையே என்று தேடி வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். மலைக்குக் கீழே தன் ஊரில் உருவாரத்தைக் குயவர்தான் செய்வார், பிள்ளைகள் செய்தால் அது விளையாட்டுப் பொம்மை, அதனால் இது தனக்குத் தோன்றவே இல்லை என்றார். நாளை மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார், பிள்ளைகளை விடுங்கள் என்று கும்பிட்டார்.

ஊர்க்கவுண்டருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாடுகளை நினைத்துப் பயந்தார். "நேர்ந்துக்காம ஒருத்தரும் மாடு செய்ய மாட்டாங்க. ஊடு ஊட்டுக்குச் செஞ்சிருக்குதே, நானு எப்படிங்க கொடியை அவுக்கறது?" என்றார்.

பெருமாயி வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் மாட்டை எடுத்து வந்தாள். மலைப் பனியில் அது இன்னும் காயவில்லை. கூட்டத்தின் நடுவே போய் நின்றாள்.

"ஏனுங்க, கண்ணு தொறக்காத உருவாரம் உருவாரமாகுமுங்களா?"

ஊர்க்கவுண்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆகாது சாமி. பூசாரி கோயில்ல வச்சுக் கண்ணு தொறக்கணும். அது வரைக்கும் வெறும் மண்ணு."

"இதுக்குக் கண்ணே வைக்கலீங்க."

அவள் மாட்டைப் பார்த்தாள். பின்னங்காலோடு ஒட்டியிருந்த வாலைப் பார்த்தாள். இவ்வளவு நன்றாக இன்னொரு மாடு அவளுக்கு வராது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் மாட்டை நசுக்கினாள்.

"ஐயோ" என்று பெண்கள் வாயைப் பொத்தினார்கள். எல்லோருடைய தலையும் மேட்டில் கட்டியிருந்த செவலையின் பக்கம் திரும்பியது. செவலை அசை போட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டு ஒரு கணம் நிறுத்தியது. பிறகு மறுபடியும் அசை போட்டது.

பெருமாயி அங்கேயே உட்கார்ந்தாள். மண்ணை உருட்டினாள். முன்பக்கம் நீளமாக மூக்கை இழுத்துவிட்டாள். முதுகில் காய்ந்த புல்லைக் கிள்ளிக் கிள்ளிச் சொருகினாள். பிறகு எழுந்து அதை ஊர்க்கவுண்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்ன, காட்டுப்பன்னியா?"

"ஆமாங்க. உங்க மரவள்ளிக் காட்டைத் தோண்டிப் போட்டுச்சே, அதேதானுங்க. இந்தப் பன்னிக்கு நோவு வந்தா யாராச்சும் சாமிக்கு நேர்ந்துக்குவாங்களா?"

"நோவு வந்தா நானு பொங்கலே வைப்பேன்" என்றார் ஊர்க்கவுண்டர். கூட்டம் சிரித்துவிட்டது. "அப்பறம் எதுக்கு சாமி இதைச் செஞ்சே?"

நேற்று வராத பதில் இன்று தானாக வந்தது. "பாக்கறதுக்குங்க."

ஊர்க்கவுண்டர் பன்றியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா எட்டிப் பார்த்தார். பாப்பாயி அக்கா அப்பாவை இடித்துக்கொண்டு பார்த்தாள்.

"மூக்கு இன்னுங் கொஞ்சம் நீளம் வேணும்" என்ற ஊர்க்கவுண்டர், கட்டை விரலால் மூக்கைத் தானே நீவி நீட்டினார். கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நீவினார். பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. வெட்கத்தோடு பன்றியைப் பெருமாயியிடம் கொடுத்துவிட்டு, போய்க் கொடியை அவிழ்த்தார். மாடு மட்டும் வேண்டாம், பார்த்தால் மனசு பதறுகிறது என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டார். வாத்தியார் சரி சரி என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வியர்த்து விறுவிறுத்து மலையேறி வந்தார். பள்ளிக்கூடம் கொள்ளாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மண் பொம்மைகள் சாணம் மெழுகிய தரையில் வரிசையாக நின்றன. காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு, கரடி, நரி, எலி, கிளி. வெள்ளாமையை அழிக்கிற திருட்டுக் கூட்டம் மொத்தமும் அங்கே இருந்தது. அர்த்தனாரியின் முள்ளம்பன்றியைத் தொட்டு விரலில் முள் குத்தியதும் இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது, தொடர்ந்து நடக்கட்டும் என்று சொன்னார். பெருமாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"வழியெல்லாம் மாடுகளைப் பார்த்தேன். ஒரு பிள்ளைகூட மாடு செய்யவில்லையே, ஏன்?"

வாத்தியார் வாயைத் திறந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். பெருமாயி எழுந்து நின்றாள்.

"மாடெல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றாள்.