பாகூர் ஏரிக்கரையில் நின்ற வண்டி

"ஏங்க, நடுரோட்டுல இப்படியா நிறுத்துவீங்க? இன்னா, ரோட்டையே பட்டா போட்டு வாங்கிட்டீங்களா?"

மழைக்குள்ளிருந்து வந்தது குரல். ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்த ஆரோக்கியசெல்வி நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் பைக்கில் ஒருவன்... தலைக்கு மேல் கொங்காணி போல மடித்த உரச்சாக்கு. அதற்குக் கீழே இரண்டு கண்கள். நனைந்த கண்கள். கோபத்திலும் எங்கோ ஓரத்தில் சிரிப்பை மிச்சம் வைத்திருந்த கண்கள்.

"நிறுத்தலைங்க. நின்னுபோச்சு," என்றாள்.

அந்தக் குரலில் இருந்த களைப்பு அவனைத் தொட்டிருக்க வேண்டும். பைக்கை ஓரமாகப் போட்டுவிட்டு வந்தான். பக்கக் கதவின் வழியே எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான். உள்ளே ஒரு கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, தட்டு கழுவும் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. கட்டிலில் அசையாமல் கிடந்த மனிதர். காலடியில் ஜெபமாலையோடு ஓர் அம்மா.

"வூட்டையே வண்டியில ஏத்திட்டீங்களா," என்றான். ஆனால் இப்போது குரல் தணிந்திருந்தது. "இருங்க... டீசல் வாசன பாத்தா பம்ப்பு மாதிரி தெரியுது. நம்ம வேலையே அதான்."

அவன் பெயர் முத்துக்குமரன். ஏரிக்கரை முடியும் இடத்தில், டீசல் பம்ப்பு பழுது பார்க்கும் கொட்டகை வைத்திருந்தான். அரை மணி நேரம் மழையில் குனிந்து நின்று, டீசல் குழாயில் சிக்கிய காற்றை எடுத்து, பம்ப்பைக் கையால் அடித்து அடித்து வண்டியைக் கிளப்பிக் கொடுத்தான். கடலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கைக்குப் பயிற்சி கொடுக்கிறவர் கிளம்பியிருந்தார்.

அப்பா மரியதாஸ் ஓட்டுநராக இருந்தவர். வேளாங்கண்ணிக்குக் குடும்பம் குடும்பமாக ஏற்றிப் போன பழைய வேன் அது. படுத்துக்கொண்டு போக, சமைத்துச் சாப்பிட என்று தன் கையாலேயே அதை வீடாக மாற்றினார். வீடான பிறகு முதல் சவாரி போவதற்கு முன்பே அவருக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் போனது. பேச்சு போனது. கடைசியில் அந்த வண்டியில் படுத்துக்கொண்டு போகிற ஒரே ஆள் அவரே ஆனார். ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால் வலியில் முகம் நீலமாகும். சேதராப்பட்டு கம்பெனியில் செல்விக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வில்லியனூரிலிருந்து கடலூருக்கு அன்றுதான் பயணம். மழைக்காலம் முடிவதற்குள் கை அசைந்தால் உண்டு, அப்புறம் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவளைத் தின்றது அது மட்டுமல்ல. புறப்படுகிற ஒவ்வொரு முறையும், என்ஜினைப் போடுவதற்கு முன்னால், அப்பா இடது கையால் வண்டியின் தகரத்தை ஓங்கி ஓங்கித் தட்டுவார். தொண்டையிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம். கண்ணில் நீர் வழியும்.

என்னைக் கொண்டுபோகாதே என்கிறார்... என்னை விட்டுவிடு என்கிறார்... அவளுக்கு அப்படித்தான் கேட்டது. சாக விரும்புகிறவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கே ஓடுகிறேன்?

அடுத்த செவ்வாயும் வண்டி நின்றது. அதே ஏரிக்கரை. அதற்கடுத்த வாரமும்.

"இந்த வண்டிக்கு பாகூர் ஏரி மேல இன்னா இவ்ளோ ஆசை?" என்று கேட்டுக்கொண்டே வருவான் முத்துக்குமரன்.

"உங்க கொட்டகை மேலயோ என்னவோ."

"கொட்டகை மேலயா... சரி, கொட்டகை மேலன்னே வச்சிக்குவோம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. அவன் பம்ப்பைக் கழற்றும்போது அவள் குடை பிடிப்பாள். ஒரே குடைக்குள் டீசல் வாசனையும் மழை வாசனையும்... அவன் நிமிரும்போது கண்கள் ஒருமுறை மோதிக்கொள்ளும். இருவருமே ஏரியைப் பார்ப்பார்கள்.

ஒரு செவ்வாய் காலையில் கண்ணாடி முன் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். அன்று ஏரிக்கரை நெருங்கியும் என்ஜின் சீராகவே ஓடியது. நிற்காதா என்று மனது ஒரு கணம் கேட்டது. பின்னால் அப்பா கிடக்கிறார். அவருடைய கை, அவருடைய பேச்சு... அதையெல்லாம் பணயம் வைத்து நிற்கச் சொல்கிறதா இந்த மனது? தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவள் கேட்டதைக் கொடுப்பதுபோல வண்டி குலுங்கி நின்றது.

அன்று முத்துக்குமரன் சிரிக்கவில்லை. டேங்க்கின் அடியிலிருந்து பிடித்த டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் தூக்கிக் காட்டினான். அடியில் நிறமில்லாத ஒரு படலம்.

"கீழ நிக்கிறது தண்ணி. போன வாரந்தான் சுத்தமா வடிச்சேன். யாரோ ஊத்துறாங்க. வூட்டாண்ட யாருக்காவது பகையா?"

"எங்க வூட்டுல நாங்க மூணே பேரு," என்றாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அருவருப்பெல்லாம் நாக்கில் ஏறியது. "எங்கப்பா எழுந்து வந்து ஊத்துறாரா? இல்ல நான் ஊத்துறனா? இந்த வண்டியத் தொட்டது நீங்க மட்டுந்தான். வாரா வாரம் இங்கயே நின்னா யாருக்கு வேணும் அது... எனக்குப் புரியாதுன்னு நெனைக்கிறீங்களா?"

அவன் முகம் மெல்லச் சிவந்தது. மறுப்பான் என்று அவள் காத்திருந்தாள்... மறுத்திருக்கலாம். டேங்க்கை முழுக்கக் கழுவி, புது டீசல் ஊற்றி, மூடியைத் திருகினான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"இனிமே வேற ஆளப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு மழையில் நடந்து போனான்.

அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. கைகள் வேலை செய்தன. உள்ளே எதுவும் ஓடவில்லை. திங்களன்று திருபுவனைப் பழைய இரும்புக்காரருக்குப் போன் செய்தாள். புதன்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசியாக ஒரு செவ்வாய். அதற்கப்புறம் அப்பா விரும்புகிறபடியே அவரைப் படுக்க விட்டுவிடலாம்.

செவ்வாய் காலை. அப்பாவைக் கட்டிலில் கிடத்திப் பட்டையைக் கட்டிவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்குப் போனாள். அம்மா ஜோஸ்பின் வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்து ஜெபித்துக்கொண்டிருந்தார்.

தட்டல் தொடங்கியது. தகரம் அதிர்ந்தது.

சாவியைத் திருகப் போன கை நின்றது. கடைசி நாளாவது அவர் பக்கத்தில் இருந்துவிட்டுப் போவோம் என்று பின்னால் போனாள். எப்போதும் கையைப் பிடித்து அமர்த்துவாள். இன்று அதற்குத் தெம்பில்லை. அவருடைய தலையணையில் தன் தலையையும் சாய்த்து, கன்னத்தோடு கன்னம் வைத்துப் படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அப்பா பார்க்கிற ஜன்னல் அவளுக்கும் தெரிந்தது. திரையின் இடுக்கில் அம்மா. கையில் மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டில், நீல நிறக் கிரீடம்தான் அதன் மூடி. வில்லியனூர் மாதா கோயில் குளத்துப் புனிதத் தண்ணீர். அம்மா டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கண்ணை மூடி, உதடு அசைய, கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

செல்வி இறங்கி ஓடினாள். பாட்டில் சாய்வதற்குள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா செய்யிற?"

"வண்டிக்கு சீக்குடி. உங்கப்பா சக்கரத்துக்குத்தான் தெளிப்பாரு. சீக்குன்னா மேல தெளிச்சா போதுமா? உள்ளுக்குக் குடுத்தாதான கேக்கும்..." மகளின் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் குரல் தேய்ந்தது. "ஏன்டி... ஊத்தக் கூடாதா?"

டீசலில் தண்ணீர் கலந்ததால்தான் வாரா வாரம் வண்டி நின்றது என்று செல்வி சொன்னாள். புரிந்ததும் அம்மா வீட்டு வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தார். "அப்போ... நானா? இவரு கையி வராம போனா அது என்னாலயா, செல்வி?"

செல்வி அம்மாவைத் தாங்கி வண்டிக்குள் ஏற்றினாள். கட்டிலில் அப்பாவின் கை ஓய்ந்திருந்தது. கண்ணில் நீர். ஆனால் அந்த முகம்... அசைகிற பாதி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. இடது கை தடவித் தடவி அம்மாவின் விரல்களைத் தேடிப் பிடித்தது.

நாற்பது வருடம் வண்டி ஓட்டியவர். கண் முன்னால் டீசலில் தண்ணீர் விழுவதை வாரா வாரம் பார்த்துக்கொண்டு, சொல்ல வாயில்லாமல் தகரத்தைத் தட்டியிருக்கிறார். சாவைக் கேட்டு அல்ல. வண்டி ஓட வேண்டும் என்று... போய்ச் சேர வேண்டும் என்று. அவர் கடலூருக்குப் போகவே விரும்பியிருக்கிறார்.

செல்வி அவர் மார்பில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதாள்.

ஏரிக்கரை வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. என்ஜின் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. எப்போதும் நிற்கிற இடம் கடந்து போனது. இனி ஒன்றுமில்லை, மிதித்தால் கடலூர். முன்னால் அந்தக் கொட்டகை.

அவள் கால் பிரேக்கில் இறங்கியது.

முத்துக்குமரன் வெளியே வந்தான். முகத்தைப் பார்க்காமல் பானட்டைப் பார்த்தான்.

"நின்னுபோச்சா?"

"இல்லைங்க," என்றாள். "நிறுத்துனேன்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கும் அது காதில் விழுந்ததுபோல மெல்ல நிமிர்ந்தான். அவள் மாதா பாட்டிலை நீட்டினாள். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். அம்மா ஊற்றியது, அப்பா தட்டியது, தான் பேசியது. "தப்பு எங்க வூட்டுலதான். உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது... மன்னிப்பு கேக்கத்தான் நிறுத்துனேன்."

அவன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மழைத்துளிகள் அவன் இமையில் நின்றன.

"தண்ணி நான் ஊத்தல," என்றான். "ஆனா அன்னைக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஏன்னா... செவ்வாக்கெழம ஆச்சுன்னா காலையிலேர்ந்து ரோட்டத்தான் பாத்துனு இருப்பேன். நிக்கணும், நிக்கணும்னு. ஒரு சீக்காளி படுத்துனு வர்ற வண்டி அது. அது நிக்கணும்னு நெனச்சவன் நல்லவன்னு எப்படிச் சொல்லிக்கிறது?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வாரமும் தனக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்த அழுக்கு...

"நானும் நெனச்சேங்க," என்றாள். "நான் மகளா இருந்துனே நெனச்சேன். அதத்தான் உங்க மேல போட்டேன்."

இருவரும் ஏரியைப் பார்க்கவில்லை. இந்த முறை யாருக்கும் கண்ணை எடுக்கத் தோன்றவில்லை.

"நாளைக்கு இரும்புக்காரர் வர்றதா இருந்துச்சு. வராதீங்கன்னு சொல்லிட்டேன். அப்பாவுக்கு கையி வருமா தெரியாது. லேட்டாயிடுச்சு. ஆனா அவருக்குப் போவணுமாம்."

"அடுத்த செவ்வாயும் நிறுத்துவீங்களா?"

"வண்டி நல்லா ஓடுச்சுன்னா நிறுத்துறேன்."

"அப்போ அது ஓடும்," என்றான். "அது என் பொறுப்பு."

உள்ளே இடது கை தகரத்தைத் தட்டியது. ஓங்கி அல்ல, இரண்டே தட்டு. பஸ்ஸில் கண்டக்டர் தட்டுவது மாதிரி... போகலாம் என்று.